படகு உட்காரும் பலகை

என் கணவர் அந்த நோட்டீஸைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, பறந்துவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு பேனாவையும் வைத்தார். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். காகிதத்தின் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. பெறுநர் என்ற இடத்தில் எங்கள் வீட்டு எண் இருந்தது.

"வாங்கிக்கிட்டேன்னு இங்க ஒரு சைன் போடு" என்றார்.

"எனக்கு நீங்க நோட்டீஸ் குடுக்கறீங்களா?"

"நான் எங்க குடுக்கறேன்? சங்கம் குடுக்குது. நான் வெறும் செக்ரெட்டரி."

இருபத்தாறு வருடமாக நாங்கள் இருவரும் அந்த மேசையில்தான் சாப்பிடுகிறோம். இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நோட்டீஸைப் படித்தேன். தரைத்தளப் பார்க்கிங்கில் எங்களுக்கான இடத்தில் ஒரு படகும், அதை ஏற்றி வைத்திருக்கும் டிரெய்லரும் இரண்டு வருடமாக அசையாமல் நிற்கின்றன. டிரெய்லரின் கார்பெட் கிழிந்து தொங்குகிறது. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கொசு உற்பத்தியாகிறது. சங்க விதிப்படி, ஓடும் நிலையில் இருக்கும் வண்டி மட்டுமே பார்க்கிங்கில் நிற்கலாம். ஓடாதது பழைய சாமான். பழைய சாமானைப் பதினைந்து நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும். புகார் கொடுத்தவர் பெயர் அதில் இல்லை.

கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே, 'இது பழைய சாமான் இல்லை. பதினைந்தாவது நாள் வந்து பாருங்கள்' என்றும் எழுதினேன்.

"இதெல்லாம் இதுல எழுதக் கூடாது."

"எழுதியாச்சு" என்று சொல்லிவிட்டு மீதி இட்லியைச் சாப்பிட்டேன்.

அந்தப் படகு எனக்கும் என் நாத்தனாருக்கும் சொந்தம். என் கணவரின் தங்கை அவள். என்னைவிட ஏழு வயது சின்னவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலை. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இதே கட்டடத்தில், எங்களுக்கு இரண்டு மாடி மேலே தனியாக இருக்கிறாள். கல்லூரிக் காலத்தில் அல்சூர் ஏரியில் துடுப்புப் போட்டுப் பழகியவள். ஆறு வருடத்துக்கு முன், அவளுடன் வேலை பார்த்த ஒருவர் புனேவுக்கு மாற்றலாகிப் போகும்போது, தன் பன்னிரண்டு அடி ஃபைபர் படகை டிரெய்லரோடு விற்றார். "அண்ணி, நாம ரெண்டு பேரும் சேந்து வாங்கிடலாமா?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். யோசிக்காமல் சரி என்றேன். கடல் இல்லாத ஊரில் படகு எதற்கு என்று கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் இல்லை. அவர்களுக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய டீசல் ஜீப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, கனகபுரா பக்கம் ஒரு ஏரிக்குப் போய்விடுவோம். மீன் பிடிக்க அந்த ஏரியை ஏலம் எடுத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்குவோம். அவள் துடுப்புப் போடுவாள். நான் பின்னால் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்து காபி ஊற்றுவேன்.

பிறகு அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் என்று இரண்டு வருடம் போயிற்று. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டதால் இடது கை அவ்வப்போது வீங்கும். அதற்கு மணிக்கட்டிலிருந்து தோள் வரை இறுக்கமான ஒரு உறை போட்டுக்கொள்வாள். அந்த இரண்டு வருடமும் படகு அசையவே இல்லை. பார்க்கிங்கில் எங்கள் இடம் ஓரத்தில் இருந்ததால் மழைச் சாரல் முழுக்க டிரெய்லர் மேலேயே அடித்தது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். 'பழைய சாமான்' என்று இருந்த வரிக்கு வந்ததும் முகம் மாறியது.  பிறகு காகிதத்தை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணி, உங்க வீட்ல கட்டிங் பிளேயர் இருக்கா?"

அன்று சாயங்காலமே நாங்கள் இருவரும் டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்தோம். இந்த வகை டிரெய்லரில் நீளவாக்கில் இரண்டு மரப் பலகைகள் இருக்கும். படகின் வயிறு அவற்றின் மேல்தான் உட்காரும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் படகு சிராய்க்காமல் வழுக்கிப் போவதற்காகப் பலகைகளைச் சுற்றிக் கார்பெட் போர்த்தியிருப்பார்கள். விற்றவர் அந்தப் பலகையை பங்க் என்று சொன்னார். எனக்குத் தெரிந்த பங்க் பெட்ரோல் பங்க் ஒன்றுதான். இதற்குப் படுக்கை என்று அர்த்தமாம், அதனால் நாங்கள் கட்டில் என்றே சொல்லிக்கொண்டோம். கட்டிலும் போச்சு, மெத்தையும் போச்சு என்றாள் அவள். கார்பெட் கறுத்து, நார் நாராகப் பிரிந்து, ஊறிப்போன சாக்கு மாதிரி நாறியது. அதைப் பிடித்து வைத்திருந்த பின்கள் சாதாரண இரும்பு. துருப்பிடித்து, தலை நிமிர்ந்து, படகின் அடி வயிற்றில் மூன்று நீளமான கோடுகள் போட்டிருந்தன.

"நோட்டீஸ்ல எழுதினது நிஜம்தான்" என்றேன்.

"நிஜமா இருந்தா சரி பண்ணுவோம். தூக்கிப் போடுறதுக்கு அது ஒரு காரணமா?"

முதல் வேலை படகை டிரெய்லரிலிருந்து இறக்குவது. அது நானும் அவளும் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம். ஆளைக் கூப்பிடலாம் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். மூலையில் இருந்த கான்கிரீட் தூணில் ஒரு கயிற்றைச் சுற்றி, மறுமுனையைப் படகின் பின்பக்க வளையத்தில் கட்டினாள். டிரெய்லருக்குப் பின்னால் தரையில் பழைய டயர்களை வரிசையாகப் போட்டாள். பின்கள் குத்தாமல் இருக்க, கிழிந்த கார்பெட்டுக்கும் படகுக்கும் நடுவே அரிசிச் சாக்குகளைச் செருகி, அவற்றின் மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். படகைத் தூண் பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் டிரெய்லரை மட்டும் முன்னால் இழுத்தோம். ஒரு சாண், நிறுத்தம். இன்னொரு சாண், நிறுத்தம். அவள் வலது கையாலும் இடுப்பாலும் தள்ளினாள். இடது கையை எவ்வளவு உபயோகிக்கிறாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு உங்களுக்கே தெரியும். வலிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்துன்னு சொன்னாங்க. தூக்காதேன்னு சொல்லலை. வீட்ல இருக்கறவங்கதான் அப்படிச் சொல்றீங்க."

அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. கடைசியில் படகின் மூக்கு 'தொப்' என்று டயர் மேல் விழுந்தது. சோப்புத் தண்ணீர் எங்கள் காலடியில் ஓடியது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பின்களைப் பிடுங்க மூன்று நாள் ஆனது. மொத்தத்தையும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டோம், யாருடைய காலிலும் குத்தக் கூடாது என்று. கார்பெட்டை உரித்ததும் உண்மையான சேதம் தெரிந்தது. ஒரு பலகை நன்றாக இருந்தது. இன்னொன்றின் பின்பக்க முனை, பாலில் நனைத்த ரஸ்க் மாதிரி விரல் பட்டதும் உதிர்ந்தது. அதை மாற்றியே ஆகவேண்டும்.

கார்பெட் வாங்க சிவாஜிநகர் போனோம். பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போகிற சந்து ஒன்றில், கார் சீட் துணியும் கல்யாண மண்டப விரிப்பும் விற்கிற கடை. வெள்ளைக் குல்லா போட்ட கடைக்காரர் எங்களை உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டார்.

"காருக்கா அக்கா, ஷாதி மஹாலுக்கா?"

"படகுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "படகு? பெங்களூர்ல? எங்க ஓட்டுவீங்க, மழை வந்தா ரோட்லயா?"

"ரோட்லயும் ஓட்டலாம்தான்" என்றாள் அவள். "சிந்தடிக்கா இருக்கணும். சணல் கலந்தது வேணாம், ஊறிடும். அடியில ரப்பர் ஒட்டினதும் வேணாம், தண்ணி உள்ள நின்னுடும்."

அவர் நாலைந்து சுருளை இறக்கி விரித்தார். அவள் கைப்பையில் இருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் கொஞ்சம் ஊற்றினாள். கடைக்காரர் பதறிப்போனார்.

"அரே அக்கா! மாலு கெட்டுப் போயிடும்!"

"கெட்டுப் போற மாலா இருந்தா எனக்கு வேணாம் பாய்."

அவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதில் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் அப்படியே வழிந்து தரைக்கு வந்தது. நூல் அடர்த்தியாக, கையால் தேய்த்தால் வழுக்கியது. ஆனால் நிறம் கத்தரிப்பூ நிறம். பளீரென்று கண்ணைக் குத்துகிற கத்தரிப்பூ.

"யாரோ ஒரு ஹோட்டல்காரர் ஆர்டர் குடுத்துட்டு வரவே இல்லக்கா. இதுல வேற கலர் இல்ல."

"இதையே வெட்டுங்க" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

துருப்பிடிக்காத பின்களுக்காக அதே தெருவில் ஆறு கடை ஏறி இறங்கினோம். எல்லோரும் இரும்புப் பின்னையே எடுத்து நீட்டி, "இதுவும் அதேதான் மேடம்" என்றார்கள். அதேதான் இல்லை என்று ஒவ்வொரு கடையிலும் சொன்னேன். வேதியியல் படித்தவளிடம் துருவைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. ஆறாவது கடையில் கிடைத்தது. புதுப் பலகையை ஆஸ்டின் டவுனில் ஒரு சின்ன மரக்கடையில் வேங்கை மரத்தில் அறுத்து வாங்கினோம். அதை ஜீப் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறக்கும்போது, முதல் மாடிப் பால்கனியில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். நான் கை ஆட்டினேன். அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

ஏழாம் நாள்தான் விஷயம் வெளியே வந்தது.

பழைய பலகையைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளும் துருவில் இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டும் அசையவில்லை. மெஷினால் அறுத்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் மெஷின் சத்தம் வந்தால் அதற்கு இன்னொரு நோட்டீஸ் வரும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் ஹாக்சா பிளேடை வைத்து, கையாலேயே அறுத்தோம். நான் நூறு இழுப்பு, அவள் நூறு இழுப்பு. மூன்றாவது போல்ட் பாதியில் இருக்கும்போது சங்கத் தலைவர் கைத்தடியோடு இறங்கி வந்தார். ஓய்வு பெற்ற கன்னடக்காரர். எங்களிடம் கன்னடம் கலந்த தமிழில்தான் பேசுவார்.

"ஏனம்மா இது, மத்தியானத்துல கிர்ர் கிர்ர்னு? தூங்கறது பேடவா, வேண்டாமா?"

"கையாலதான் சார் அறுக்கறோம்" என்றேன்.

"தூண்ல கயிறு வேற கட்டியிருக்கீங்க."

"அவுத்துடறோம் சார். பதினஞ்சாம் நாள் இந்த வண்டி ஓடணும்னு நீங்கதானே நோட்டீஸ் குடுத்தீங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா? எனக்கு உங்க படகால ஒரு தொந்தரவும் இல்லம்மா. கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுத்ததே உங்க யஜமானருதான். என்னைக் கேக்கறீங்க!"

என் கையில் இருந்த பிளேடு நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்ட முகம். கைத்தடியைத் தட்டிக்கொண்டே திரும்பிப் போனார்.

என் நாத்தனார் எழுந்து, கையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினாள். நான் பின்னாலேயே போனேன். என் கணவர் ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, கம்ப்ளெயிண்ட் குடுத்தது நீயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா."

"ஏன்?"

"கிழிஞ்சு தொங்குது. கொசு..."

"கொசுவ விடு. ஏன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

"படகு இருந்தா நீ ஏரியில இறங்கிடுவே" என்றார். "அந்தக் கையோட இறங்குவே. கவுந்தா நீந்த முடியுமா உன்னால? படகு இல்லைன்னா இந்த யோசனையே வராது. அதான்."

"இத என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன். ஆனா நீ சொல்லியிருக்கணும்."

"ஒவ்வொரு கீமோவுக்கும் உன்னைக் கூட்டிட்டுப் போனது நான்." கழற்றிய கண்ணாடியை லேப்டாப் மேல் வைத்தார். "நீ வாந்தி எடுக்கறப்ப பாத்திரம் புடிச்சிட்டு நின்னது நான். இன்னொரு வாட்டி ஆஸ்பத்திரி வாசல்ல என்னால நிக்க முடியாதும்மா."

"அதுக்கு நான் நன்றி சொல்லியிருக்கேன். இன்னும் எத்தனை வாட்டி வேணா சொல்றேன். ஆனா அதுக்காக என்னைத் துணி போட்டு மூடி ஒரு மூலையில நிறுத்தி வெக்க நான் விட மாட்டேன்."

அவள் கீழே இறங்கிப் போய்விட்டாள். சிறிது நேரத்தில் ஹாக்சா சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை நூறோடு நிற்கவில்லை.

என் கணவர் பயந்தது உண்மை. அந்த இரண்டு வருடத்தில் அவருக்கு முடி முழுக்க நரைத்ததைப் பார்த்தவள் நான். அவர் எங்களிடம் வந்து பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சங்கத்து லெட்டர்பேடில் அடித்து, முத்திரை குத்தி, என்னிடம் கையெழுத்துக் கேட்டவரின் பக்கத்தில் எப்படி உட்காருவது? எங்கள் இரண்டு பேருக்கும் நல்லது எது என்று நாங்கள் இல்லாமலேயே முடிவு செய்து, அதற்கு விதி எண்ணும் போட்டுவிட்டார். "உங்க பயத்தை நீங்கதான் பாத்துக்கணும். அதை நாங்க தூக்கிட்டு நடக்க முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு நானும் கீழே போனேன். அடுத்த ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. சமையல் செய்து வைத்தேன். எடுத்துப் போட்டுக்கொண்டார்.

புதுப் பலகைக்கு மூன்று பூச்சு பெயிண்ட் அடித்து, ஒவ்வொன்றும் காயும் வரை காத்திருந்தோம். புதுப் போல்ட்டின் தலை மரத்துக்குள் புதைந்து இருக்கும்படி குழி எடுத்தோம். பிறகுதான் கார்பெட். பழைய கார்பெட் ஏன் படகைக் கீறியது என்பது உரிக்கும்போதே தெரிந்துவிட்டது. முன்பு போர்த்தியவர் பின்களைப் பலகையின் மேல்பக்கத்தில் அடித்திருந்தார். நூல் தேய்ந்ததும் பின்கள் நேராகப் படகின் வயிற்றுக்கு வந்துவிட்டன. நாங்கள் கார்பெட்டின் இரண்டு ஓரங்களும் பலகையின் அடிப்பக்கத்தில் வந்து சேரும்படி சுற்றினோம். மேல்பக்கத்தில் ஒரு பின்கூடக் கிடையாது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. முதல் பலகையில் நான் இழுத்துப் பிடிக்க, அவள் பின் அடித்தாள். பாதி தூரம் போனதும் கார்பெட் கோணலாகி, ஒரு பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் குறைந்துவிட்டது. நடுவில் சுருக்கம் விழுந்தது. இருக்கட்டும், வெளியே தெரியாது என்றேன்.

"படகுக்குத் தெரியும்" என்றாள். எல்லாப் பின்னையும் பிடுங்கினோம்.

இரண்டாவது முறை, நடுவில் ஆரம்பித்து இரண்டு முனைக்கும் போனோம். நான் முழங்காலால் கார்பெட்டை அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். அவள் வலது கையில் பின் அடிக்கும் ஸ்டேப்ளர் துப்பாக்கி. இடது கையால் ஓரத்தைத் தட்டையாகப் பிடித்திருந்தாள். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவாள். வீக்கம் வடிகிறதா என்று நான் கேட்கவில்லை. அவளே சொல்வாள், "சரி, போலாம்" என்று. முனைகளைப் புடவைக் கொசுவம் மடிப்பது போல மடித்து அடியில் செருகினேன். அந்த வேலையை அவளைவிட நான் நன்றாகச் செய்தேன். அவளும் ஒப்புக்கொண்டாள். படகின் வயிற்றில் விழுந்திருந்த மூன்று கோடுகளையும் பசை நிரப்பித் தேய்த்தோம். பதினான்காம் நாள் சாயங்காலம் டிரெய்லரைப் பின்னால் தள்ளிப் படகின் மூக்கோடு ஒட்டி நிறுத்தி, டிரெய்லரின் முன்பக்க உருளையில் சங்கிலியைச் சுற்றிப் படகை மேலே ஏற்றினோம். சோப்புத் தண்ணீர் தேவைப்படவில்லை. கத்தரிப்பூக் கார்பெட்டின் மேல் படகு முனகாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது.

மறுநாள் காலை தலைவரும், செயலாளரான என் கணவரும், கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே ஐடியில் வேலை பார்க்கிற பொருளாளரும் பார்க்கிங்குக்கு வந்தார்கள். தலைவர் கைத்தடியின் நுனியால் கார்பெட்டைக் குத்திப் பார்த்தார்.

"கலர் ஏன் இப்படி?"

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு சார்."

பொருளாளர் குனிந்து அடியில் பார்த்தார். "சூப்பரா மடிச்சிருக்கீங்க அக்கா. ஒரு பின்னுகூட வெளிய தெரியலை."

"அதெல்லாம் சரி" என்றார் தலைவர். "வண்டின்னா ஓடணும். ஓட்டிக் காட்டுங்க."

ஜீப்பை எடுத்து, டிரெய்லரை மாட்டி, கேட்டைத் தாண்டி, தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தேன். போவது சுலபம். ரிவர்ஸில் உள்ளே வருவதுதான் கஷ்டம். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் டிரெய்லர் போகும். இரண்டு வருடமாக நான் அதைச் செய்யவில்லை. முதல் தடவை டிரெய்லர் மடங்கிக் கேட் தூணுக்கு ஒரு முழம் பக்கத்தில் வந்துவிட்டது. முன்னால் எடுத்தேன். இரண்டாவது தடவையும் மடங்கியது. அதற்குள் பால்கனிகளில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. கண்ணாடியில் என் கணவர் தெரிந்தார். ஒரு அடி முன்னால் வந்து, கையைத் தூக்கி, எனக்கு வழி சொல்லப் பார்த்தார். நான் ஜன்னலை இறக்கி, "யாரும் கை காட்ட வேணாம்!" என்று கத்தினேன். அவர் கையை இறக்கிக்கொண்டார். மூன்றாவது தடவை ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக வந்தேன். டிரெய்லர் நேராகப் போய் எங்கள் இடத்தில் நின்றது. என் முதுகு முழுக்க வியர்வை. மேலே இரண்டாவது மாடியில் யாரோ கை தட்டினார்கள்.

"ஓகே" என்றார் பொருளாளர்.

"ஓடுது, சரி" என்றார் தலைவர். "ஆனா அடுத்த ஜெனரல் பாடியில, காரும் டூ வீலரும் மட்டும்தான்னு ரூல் கொண்டு வருவேன்."

"கொண்டு வாங்க சார். நாங்களும் வருவோம்."

என் கணவர் அன்று சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில், 'வண்டி ஓடும் நிலையில் உள்ளது' என்று எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். எழுத வேண்டியதைத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றேன். ஒரு வார மௌனம் அதோடு முடிந்தது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை, அவரும் நினைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏரிக்குப் போனோம். லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை நானே இழுத்துக் கட்டினேன். கரைச் சரிவில் டிரெய்லரின் பாதிச் சக்கரம் தண்ணீரில் முங்கும் வரை ஜீப்பைப் பின்னால் விட்டேன். அவள் படகின் மூக்கில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். அவ்வளவுதான். படகு சத்தமே இல்லாமல் தண்ணீருக்குப் போய்விட்டது. முன்பெல்லாம் கர்ர் என்று ஒரு சத்தம் வரும், அதுதான் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் துடுப்புப் பிடித்தாள். வலது கை இழுத்த அளவுக்கு இடது கை இழுக்கவில்லை. படகு நேராகப் போகாமல் இடது பக்கமே திரும்பித் திரும்பி, ஒரு பெரிய வட்டம் போட்டது. இரண்டாவது வட்டமும் போட்டது. கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்த ஏலக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கொஞ்ச நேரம் போடட்டுமா?" என்றேன்.

"நீங்க காபி ஊத்துங்க."

உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு வலது கையின் இழுப்பைக் குறைத்து, இடது கையோடு சேர்த்துப் போட ஆரம்பித்தாள். பலமான கையைப் பலமில்லாத கையின் வேகத்துக்கு இறக்கிக்கொண்டதும் படகு நேரானது. மெதுவாகத்தான் போனது. ஒரு முக்குளிப்பான் பறவைகூட எங்களைத் தாண்டிப் போனது. எதிர்க் கரைக்குப் போய்ச் சேர முன்பைவிட இரண்டு பங்கு நேரம் ஆனது. அங்கே ஒரு பாறையில் படகைச் சாய்த்து, எலுமிச்சம் சாதம் சாப்பிட்டோம். அவள் கையைப் பாறை மேல் உயர்த்தி வைத்துக்கொண்டாள். திரும்பும்போதும் அவளே போட்டாள்.

அதன் பிறகு பலமுறை போயிருக்கிறோம். போன மாதம் ஒரு முறை என் கணவரும் வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. காலையில் ஷூ போட்டுக்கொண்டு ஜீப்பில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஏரியில் படகை இறக்கும்போது கரையில் கை கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏறுண்ணா" என்றாள் அவள்.

"இல்லம்மா. நான் இங்கயே இருக்கேன்."

"பயமா இருக்கா?"

"ஆமா" என்றார்.

"சரி, அப்ப பயந்துட்டே இரு. நாங்க பத்து மணிக்கு வந்துடுவோம்."

அவர் தலையாட்டிவிட்டுக் கரையில் ஒரு கல்லாகப் பார்த்து அதில் உட்கார்ந்தார். அவள் துடுப்பைத் தண்ணீரில் போட்டு இழுத்தாள்.